ஈறு

பஞ்சுக் குச்சியை நாவில் தொட்டு
தேவதையின் செவ்வங்கி மேல் உருட்டினாள் சிசானா.
மெழுகுதிரிப் புகைக்கு எச்சிலை மிஞ்சிய மருந்தில்லை.
எட்டு மீட்டர் உயரச் சாரம்,
முழங்காலுக்கு அடியில் மடித்த கோணி,
அன்றைக்கு உள்ளங்கை அகலம் முடித்தால் போதும்.

குச்சி சிவந்து வந்தது.

கை நின்றது.
இத்தனை நூற்றாண்டு நின்ற காவி
என் விரலுக்கா கழன்றது?
கோச்சா ஏறி வந்தான், விளக்கைச் சாய்த்தான்,
மடிப்பு மடிப்பாகப் பார்த்தார்கள்.
ஒரு துகள் அசையவில்லை.
அங்கி அப்படியே இருந்தது, தேவதையும்.
கோச்சா குச்சியைப் பார்த்தான், பிறகு அவளை.
"வாயைத் திற" என்றான்.

தெலாவிக்கு இறங்கும் வேனில்
சன்னலில் தலை இடிக்க இடிக்க
பின்னோக்கி எண்ணினாள்.
தலையணை உறையில் துருப்போல ஒரு புள்ளி:
பழைய உறை என்று நினைத்தது.
சாலையோர ஊற்றில்
எப்போதிருந்தோ இடப்பக்கமாகவே குடிப்பது.
கடவுச்சீட்டுப் புதுப் படத்தில்
பற்கள் வளர்ந்திருந்தன.
நாற்பத்தாறு வயதில் பல் வளருமா என்று
சிரித்து மூடி வைத்தது.
கோரைப் பல்லின் அடியில்
நகம் சிக்கும் சின்னப் பள்ளம்,
கூட்டங்களில் அதையே நெருடிக்கொண்டிருந்தது.

சுவரில் மயிரிழை விரிந்தால்
தேதி போட்டுக் குறிப்பவள்.
விரிசல் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி
அது உடையும் நாளுக்குக் காத்திருப்பவள்.
வாய்க்கு ஒரு பென்சில் கோடு இல்லை.

"மூன்று. மூன்று. நான்கு" என்று
மருத்துவர் எலிசோ அளவுகோல் செருகிச் சொல்ல
உதவிப் பெண் எழுதினாள்.
கேட்ட மாதிரியான குரல் அது.
ஈரப்பதமும் உப்புப் பூத்த இடங்களும்
சாரத்திலிருந்து தான் சொல்லும் அதே குரல்.

"எப்படித் தேய்ப்பீர்கள், காட்டுங்கள்."

காட்டினாள். வெறுங்காற்றில்.
அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற கை.
எலிசோ சிரிக்கவில்லை.
"யார்மேல் இவ்வளவு கோபம்?"

வடக்குச் சுவரில் ஓர் அப்போஸ்தலர் உண்டு.
முகமில்லை.
முன்னொரு காலம் யாரோ
சோடாவும் கம்பித் தூரிகையும் கொண்டு
பக்தியாய்ச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.
வண்ணம் போய்க் காரை பல்லிளிக்கிறது.
பதினோரு ஆண்டாக
பெயர் தெரியாத அந்தக் கையைச்
சபிக்காமல் சிசானா அதைக் கடந்ததில்லை.

அந்தக் கை
அவள் குளியலறையில்
தினம் இருவேளை இருந்திருக்கிறது,
கடினம் என்று அட்டையில் அச்சிட்டதைத் தேடி வாங்கி.

"இறங்கியது ஏறுமா?"
"தானாக ஏறாது. ஓரிடத்தில் ஒட்டுப்போடலாம், பிறகு பார்ப்போம்.
இருப்பதைப் பிடித்து நிறுத்துவோம் முதலில்.
அடியில் காரை படிந்திருக்கிறது, அதை எடுக்க வேண்டும்."
காரை என்ற சொல்லுக்குத் தலையாட்டினாள்.
அழிந்த முகத்தைக் கற்பனையில் வரையாதே,
உதிரும் விளிம்பைச் சுண்ணாம்பால் அணை:
இதைத்தான் ஒவ்வொரு கோடையிலும்
மாணவர்களுக்குக் கத்துகிறாள்.

ஈறு என்றால் முடிவு.
பல்லுக்கு மட்டும் அதுதான் பிடிமானம்.

இரவு, மென்தூரிகை.
மூன்று விரலில், பேனா பிடிப்பதுபோல்.
விளிம்பில் சாய்த்து, சின்னச் சின்ன வட்டம்.
எதுவும் செய்யாததுபோல் இருந்தது,
ஏமாற்றுவதுபோல்கூட.
கீழ்வீட்டு நானுலி குழாய்ச் சத்தம் நிற்காமல்
உத்தரத்தைத் தட்டினாள்.
துப்பியதில் இன்னும் இளஞ்சிவப்பு.

மறுநாள் கோச்சா ஒன்றும் கேட்கவில்லை,
வடிநீர் புட்டியைச் சாரத்தில் ஏற்றி வைத்திருந்தான்.
வேலைக் குறிப்பேட்டில்
வடக்குச் சுவர், ஈரப்பதம் அறுபத்தெட்டு,
தேவதை, இடது முழங்கை, உள்ளங்கை அகலம்,
இவற்றுக்கு நடுவே
அதே பென்சிலால் ஒரு வரி:
கீழ்வரிசை, இடது, நான்கு.
மீண்டும் பார்க்க, மூன்று மாதம்.